புலி கொன்ற யானையும் ஒரே பொருள் காணும் இயந்திரமும்

‘நாய் கடித்த மனிதர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.’ இந்தத் தொடரில் என்ன குழப்பம் என்றுதான் யாரும் கேட்பார்கள். தெருநாய், கெண்டைக்கால் காயம், தடுப்பூசி என்று மனம் அதற்குள் ஓடிவிடுகிறது. ஆனால் ‘கோழி திருடிய ஆள்’ என்று சொல்லும்போது கோழியா ஆளைத் திருடியது? அஃறிணைப் பெயர் செயப்படுபொருளாக வரும்போது ‘ஐ’ உருபு மறைந்து நிற்கத் தமிழ் இடம் கொடுக்கிறது. கோழிக்குக் கொடுத்த இடத்தை நாய்க்கும் கொடுத்தாக வேண்டும். அப்படியானால் ‘நாய் கடித்த மனிதர்’ நாயைக் கடித்தவராகவும் இருக்கலாம். இலக்கணம் இரண்டு வாசிப்பையும் அனுமதிக்கிறது. ஒன்றைத் தள்ளிவிடுவது நாயையும் மனிதரையும் பற்றி நாம் பட்டறிந்த உலகம்.

உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் பழைய எடுத்துக்காட்டு ‘புலி கொல் யானை’. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? தொல்காப்பியத்தின் வேற்றுமை மயங்கியல் இப்படிப்பட்டவற்றுக்குத் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்றே பெயர் வைத்திருக்கிறது. இரண்டாம் வேற்றுமை, மூன்றாம் வேற்றுமை இரண்டுமே அங்கே வரலாம் என்று ஒப்புக்கொள்கிறது. எதுவென்று எப்படித் தெரியும்? பின்னால் வரும் சொல்லைப் பார்த்து அறிவுடையோர் தெரிந்துகொள்வர் என்பது அடுத்த நூற்பாவின் கருத்து. புலி கொல் யானை ஓடுகிறது என்றால் யானை உயிரோடிருக்கிறது, கொன்றது அதுதான். புலி கொல் யானையின் கொம்பு வந்தது என்றால் செத்தது யானை. புலியைக் கொன்ற யானையும் பிறகொரு நாள் செத்திருக்கலாமே என்று கடைசி வரிசை மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். கேட்டால் அது நல்ல கேள்வி.

மொழியியல், மொழிபெயர்ப்பு, இலக்கியம் படிக்கும் மாணவர்கள் இப்போது இப்படிப்பட்ட தொடர்களைச் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் கொடுத்து, ‘இதில் பொருள் மயக்கம் இருக்கிறதா?’ என்று கேட்கிறார்கள். விடை நொடியில் வருகிறது, நயமாகவும் வருகிறது. அதை நம்பலாமா கூடாதா என்பது தனிக் கேள்வி. அதைவிடச் சுவையானது, இந்த இயந்திரங்களுக்கும் பொருள் மயக்கத்துக்கும் இடையே நடந்துவரும் நீண்ட வழக்கு. அறுபது ஆண்டுகளுக்கு முன் கணினியோடு இருந்த தொல்லை, அது அளவுக்கு மீறிப் பொருள் கண்டது. இன்றைய தொல்லை நேர் எதிரானது.

யெகோஷுவா பார்-ஹில்லெல் என்ற தத்துவவாதி 1951-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இயந்திர மொழிபெயர்ப்பு ஆய்வுக்கென்றே அமர்த்தப்பட்டார். அத்துறையில் முழுநேரமாக வேலை பார்த்த முதல் ஆள் அவர். 1960-இல் அவரே அந்தக் கனவை உடைத்தார். அவர் காட்டிய எடுத்துக்காட்டு மிக எளிது. ஒரு சிறுவன் பொம்மைப் பெட்டியைத் தேடுகிறான், கண்டெடுக்கிறான். பெட்டி ‘பென்’னில் இருந்தது. ஆங்கிலத்தில் பென் என்றால் எழுதுகோல். குழந்தைகளை விளையாட விட்டு அடைக்கும் சிறு வேலிக்கும் அதே சொல்தான். பேனாவுக்குள் பெட்டி நுழையாது என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். அகராதியும் இலக்கணமும் மட்டும் வைத்திருக்கும் இயந்திரத்துக்கு அது எங்கிருந்து தெரியும்? உலகத்தைப் பற்றிய அறிவு முழுவதையும் கணினிக்குள் கொட்ட முடியாது, ஆகவே உயர்தரமான தானியங்கி மொழிபெயர்ப்பு நடக்காது என்பது அவர் வாதம். 1966-இல் அமெரிக்க அரசுக்காக எழுதப்பட்ட ஒரு குழு அறிக்கையும் ஏறக்குறைய அதே பக்கம் சாய, நிதி வற்றியது.

அந்தக் காலத் தொடர்பகுப்பு நிரல்கள் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டவை. இலக்கணம் எத்தனை வாசிப்புக்கு இடம் கொடுத்ததோ அத்தனையையும் வரிசையாக அடுக்கின. தமிழில் இதன் வீச்சைப் பார்க்க ஓர் அலுவலகக் குறிப்பு போதும்: ‘பழைய அரசுப் பள்ளிக் கட்டட மேற்கூரை ஓடு’. பழையது எது? ஓடா, மேற்கூரையா, கட்டடமா, பள்ளியா, அல்லது அரசேவா? இந்த ஆறு சொற்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போக 42 வழிகள் உண்டு. மூன்று சொற்களென்றால் 2 வழி, நான்கென்றால் 5, ஐந்தென்றால் 14, ஆறென்றால் 42, ஏழென்றால் 132. கணிதத்தில் இவை கத்தலான் எண்கள். ஆங்கிலத் தொடர்களின் மயக்கமும் இதே எண்களின்படி பெருகுகிறது என்று 1982-இல் கென்னத் சர்ச்சும் ரமேஷ் பாட்டீலும் எழுதிக் காட்டினார்கள். ஒப்பந்ததாரருக்கு 42 கூரைகள் தெரிவதில்லை, ஒன்றே தெரிகிறது. அன்றைய கணினிக்கு 42-ம் ஒரே தரத்தில் தெரிந்தன. எதைத் தள்ளுவது என்று அதற்குத் தெரியவில்லை.

1990-களில் விடை வேறு திசையிலிருந்து வந்தது. மனிதர்கள் பகுத்துக் குறித்த ஆயிரக்கணக்கான தொடர்களைக் கொடுத்து, எந்த அமைப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணவைத்தார்கள். வாய்ப்பு மிகுந்த வாசிப்பை எடு, மற்றதை விடு என்பதே வழியாயிற்று. இன்றைய பெரிய மொழி மாதிரிகள் இந்த வழியில் வெகுதூரம் வந்தவை. பார்-ஹில்லெல் கேட்ட உலக அறிவை யாரும் கையால் கொட்டவில்லை. கோடிக்கணக்கான பக்கங்களில் எந்தச் சொல்லோடு எந்தச் சொல் வருகிறது என்ற கணக்கிலிருந்தே அதில் பெரும்பகுதி ஊறி வந்துவிட்டது. பெட்டி பேனாவுக்குள் போகாது என்பதை இன்றைய மாதிரி தடுமாறாமல் சொல்லிவிடும்.

சொற்களின் சேர்க்கையிலிருந்து பொருளைப் பிரித்தறிவது தமிழ் இலக்கணத்துக்குப் புதிதன்று. பல பொருள் தரும் ஒரு சொல்லை எப்படித் தெளிவது என்பதற்குத் தொல்காப்பியக் கிளவியாக்கம் மூன்று துணைகளைச் சொல்கிறது: வினை, இனம், சார்பு. உரையாசிரியர்கள் ‘மா’வை எடுத்துக்கொள்கிறார்கள். மா பூத்தது என்றால் வினையே மரம் என்று காட்டிவிடும். மாவும் மருதும் வளர்ந்தன என்றால் பக்கத்தில் நிற்கும் இனமான மருது காட்டிவிடும். கவசம் அணிந்து நிற்பவன் ‘மா கொண்டு வா’ என்றால் சூழல் குதிரையைக் காட்டும். ‘மா வீழ்ந்தது’ என்றால்? மரமும் விழும், விலங்கும் விழும், வினை உதவவில்லை. அங்கே வெளிப்படையாக ‘மாமரம்’ என்று சொல்லிவிட வேண்டும் என்பது இலக்கணத்தின் அறிவுரை. மொழித் தொழில்நுட்பத்தில் இன்று ‘சொற்பொருள் தெளிவாக்கம்’ என்று பாடம் நடத்தும் ஆசிரியர்கள் முதல் வகுப்பில் இந்த நூற்பாவை வைத்தால் மாணவர்களுக்குப் பாதிப் பாடம் முடிந்துவிடும். இதைச் சொல்வது கணினி அறிவியலைத் தொல்காப்பியர் அன்றே கண்டார் என்று மார்தட்ட அல்ல. கேள்வி அதுவே, கருவிதான் வேறு.

கருவி எப்படி வேறு என்பதையும் பார்த்துவிடலாம். 2013-இல் கூகுளில் உருவான வேர்ட்டுவெக் என்ற முறை, ஒவ்வொரு சொல்லுக்கும் சில நூறு எண்கள் கொண்ட ஒரு வரிசையைக் கொடுத்தது. ஒரே சூழல்களில் புழங்கும் சொற்களுக்கு ஒத்த எண்கள். ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு வரிசைதான்: மாலைப் பொழுதுக்கும் கழுத்து மாலைக்கும் சேர்த்து ஒரே இடம். அந்த இடம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ தொங்கியது. 2018-இல் வந்த பெர்ட் என்ற மொழி மாதிரி இதை மாற்றியது. ஒரு சொல்லின் எண்களை அது நிற்கும் தொடரின் மற்ற எல்லாச் சொற்களும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆகவே ஒவ்வொரு முறை வரும்போதும் ‘மாலை’க்கு வேறு எண்கள். வினை, இனம், சார்பு மூன்றும் ஒரே கணக்குக்குள் கலந்துவிட்டன.

இங்கேதான் ஒரு மொழி மாணவருக்கு உண்மையான ஆய்வுக்கூடம் திறக்கிறது. பெர்ட்டின் பன்மொழி வடிவம் தமிழ் உட்பட 104 மொழிகளைப் படித்தது; இந்திய மொழிகளுக்கென்றே கூகுள் வெளியிட்ட முரில், சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் வெளியிட்ட மாதிரிகள் ஆகியவையும் இலவசமாகக் கிடைக்கின்றன. ‘படி’ என்ற சொல் வரும் இருநூறு முந்நூறு தொடர்களைத் திரட்டலாம். மாடிப்படி, நெல் அளக்கும் படி, பாடத்தைப் படி, சட்டப்படி, பயணப்படி, கையெழுத்துப் படி, தூசி படிதல் என்று அந்தச் சொல் படுத்தும் பாடு கொஞ்சமன்று. ஒவ்வொரு ‘படி’க்கும் மாதிரி தரும் எண்களை எடுத்து, நெருங்கியவற்றை ஒன்றுசேர்த்து வரைபடமாக்கினால் கும்பல் கும்பலாகப் பிரியும். கும்பல்களைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. எந்தக் கும்பலிலும் சேராமல் இடையில் நிற்கும் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் திறந்து படிக்க வேண்டும். நூல் வெளியீட்டு மேடையில் இளம் எழுத்தாளர் ஒருவரிடம் பதிப்பாளர் புத்தகத்தை நீட்டி, ‘இது உங்களுக்கான முதல் படி’ என்று சொன்னால், நகலா, ஏணிப்படியா? இரண்டும்தான். சொன்னவர் அப்படி நினைத்துத்தான் சொல்லியிருப்பார். இடையில் நிற்கும் புள்ளிகளில் இப்படிப்பட்டவையும் இருக்கும், எழுத்துப் பிழைகளும் இருக்கும், மாதிரியின் அறியாமையும் இருக்கும். எது எதுவென்று பிரிப்பது மாணவரின் வேலை. மாதிரி செய்தது, முந்நூறு தொடரைப் பத்தாகச் சலித்துக் கொடுத்தது மட்டும்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் இங்கே குறுக்கிடும். நன்னூல் ‘பொதுமொழி’ என்று ஒரு வகையைச் சொல்கிறது: சேர்ந்து நின்றால் ஒரு பொருள், பிரித்தால் வேறு பொருள். எட்டு என்பது எண்ணுமாகும், ‘எள் து’ என்று பிரிந்து எள்ளை உண் என்பதுமாகும். தாமரை மலருமாகும், தாவும் மானுமாகும். இன்றைய மாதிரிகளோ சொற்களை நம்மைப்போல் பிரிப்பதில்லை. அவை படிப்பது டோக்கன் எனப்படும் துண்டுகளை. எந்தத் துண்டு அடிக்கடி வருகிறதோ அது ஒரு டோக்கன். ஆங்கிலம் நிறையவும் தமிழ் கொஞ்சமாகவும் படித்த மாதிரியில் தமிழ்ச் சொற்கள் எழுத்தெழுத்தாகக் கூட நொறுங்கும். யூனிகோடின் பரவலான வடிவத்தில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3. ‘யானை’ என்று எழுத 12 பைட் ஆகிறது. பகுதி, விகுதி, சந்தி என்று நாம் பிரிக்கும் இடத்தில் மாதிரியின் வெட்டு விழும் என்பதற்கு உறுதியில்லை. ஒருவர் பெயர் ‘தாமரைச்செல்வி’ என்றால் வெட்டு எங்கே விழுந்தாலும் கெடுதல் இல்லை. சிலேடையில் விழுந்தால் பொருளே போயிற்று.

ஒற்றெழுத்தின் கதையும் இதோடு சேர்ந்தது. ‘கொல்லர் வேலை செய்தார்’ என்றால் அவர் உழைத்தார். ‘கொல்லர் வேலைச் செய்தார்’ என்றால் அவர் ஒரு வேல் செய்தார். ஒரு ‘ச்’தான் வேறுபாடு, கொல்லர் என்ற சூழல் உதவாது, அவர் இரண்டும் செய்யக்கூடியவர். போதாக்குறைக்கு முதல் தொடருக்கே மூன்றாவது வாசிப்பும் உண்டு: யாரோ ஒருவர் கொல்லர் வேலையைச் செய்தார். வல்லினம் மிகுமா மிகாதா என்று பள்ளியில் நம்மை வாட்டிய விதிகள், உண்மையில் பொருள் மயக்கத்துக்குப் போட்ட வேலிகள். வலைத்தளச் செய்திகளில் அந்த வேலி பாதி இடத்தில் சாய்ந்து கிடக்கிறது. அந்தச் செய்திகளைப் படித்து வளர்ந்த மாதிரி ‘ச்’சை ஓர் அடையாளமாக மதிக்கிறதா, அலங்காரமாகக் கடந்துவிடுகிறதா என்பதை ஒரு வகுப்பு நாற்பது இணைத் தொடர்களை எழுதிச் சோதித்துவிடலாம்.

சொல்லை விட்டுத் தொடருக்கு வந்தால், மாதிரியின் இன்னொரு பயன் தெரியும். ‘அம்மா மகனை அடித்த ஆசிரியரைத் திட்டினாள்.’ மெதுவாகப் படித்துப் பாருங்கள். ‘அம்மா மகனை அடித்த’ வரை வரும்போது அடித்தவள் அம்மா. ‘ஆசிரியரை’ என்று வந்ததும் மனம் பின்வாங்கி, அடித்தவர் ஆசிரியர், அம்மா திட்டத்தான் வந்தாள் என்று காட்சியை மாற்றிப் போடுகிறது. வினை கடைசியில் வரும் மொழியில் இந்தப் பின்வாங்கல் அடிக்கடி நடக்கும். உளமொழியியலாளர்கள் இதைக் கண் அசைவைப் படம்பிடித்து அளப்பார்கள். மொழி மாதிரியை வைத்தும் ஒரு தோராய அளவு எடுக்கலாம். இதுவரை வந்த சொற்களைக் கொண்டு அடுத்த சொல்லுக்கு மாதிரி எவ்வளவு வாய்ப்புக் கொடுத்தது என்று பார்ப்பது. வாய்ப்புக் குறையக் குறைய ‘வியப்பு’ கூடும், அதைப் பிட் கணக்கில் அளப்பார்கள். பாதி வாய்ப்புக் கொடுத்த சொல் வந்தால் வியப்பு 1 பிட். எட்டில் ஒன்று என்றால் 3 பிட். 1024-இல் ஒன்று என்றால் 10 பிட். தொடர் திடீரெனத் திரும்பும் இடத்தில் வியப்பு மேலேறும். மேலேறும் எல்லா இடமும் மயக்கமன்று. அரிய ஊர்ப் பெயர் வந்தாலும் ஏறும். அதனால் ‘அம்மா’வுக்குப் பின் ஒரு காற்புள்ளி வைத்து அதே தொடரை மீண்டும் கொடுத்து, வியப்பு எவ்வளவு இறங்குகிறது என்று ஒப்பிட வேண்டும். வாசகரைத் தடுக்கிவிழச் செய்யும் தொடர்களைத் தம் மொழிபெயர்ப்பிலிருந்து களைய விரும்பும் மாணவருக்கு இதைவிடக் கறாரான பிழைதிருத்துநர் கிடைப்பது அரிது.

இனி உரையாடிகள். பெரும்பாலோர் கையிலிருப்பவை அவைதான்.

மாதிரியின் உள்ளே ஒவ்வோர் இடத்திலும் பல சொற்களுக்கு வாய்ப்புகள் பிரிந்து கிடக்கின்றன. வெளியே நமக்குக் காட்டுவது ஒரு விடையை. அதற்குமேல், மனிதர்கள் எந்த விடையை விரும்பினார்கள் என்று பார்த்துப் பார்த்து அதைப் பழக்கியிருக்கிறார்கள். நாமோ தயங்கும் விடையைவிட உறுதியான விடையை விரும்புகிறவர்கள். எனவே இரண்டு பொருள் உள்ள தொடரைக் கொடுத்து ‘இதன் பொருள் என்ன’ என்றால், மிகுந்த வாய்ப்புள்ளதைச் சொல்லி முடித்துவிடும். மற்றதைச் சொல்லாமல் விட்டது என்ற தடயம்கூட இருக்காது. 2023-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தையும் ஆலன் செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தையும் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1,645 ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் திரட்டி இதைச் சோதித்தார்கள். மயக்கமான தொடரின் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே விரித்தெழுதச் சொன்னபோது, ஜிபிடி-4 எழுதியவற்றில் 32 விழுக்காடுதான் சரியென்று மதிப்பிட்டவர்கள் ஏற்றார்கள். அந்தத் தொகுப்பில் மனிதர்கள் தயாரித்திருந்த விரிவுகளுக்கு அந்த அளவு 90. அதன்பின் மாதிரிகள் வேகமாக முன்னேறியிருக்கின்றன. இன்று எண் வேறாக இருக்கும். நோயின் இயல்பு அதே.

எதிர்ப்பக்கத்திலும் பள்ளம் உண்டு. ‘இதில் பொருள் மயக்கம் இருக்கிறதா?’ என்று கேட்டால், கேட்டவர் எதிர்பார்க்கிறார் என்ற சாய்விலேயே உரையாடி ‘ஆம், மூன்று பொருள்கள் உள்ளன’ என்று தொடங்கிவிடலாம். மூன்றாவது, எந்தத் தமிழரும் கனவில்கூடக் காணாததாக இருக்கும். ஆகவே மயக்கமே இல்லாத தொடர்களையும் நடுவில் கலந்து கொடுக்காத சோதனை சோதனையன்று. ‘பையன் அடித்த ஆசிரியர்’ என்பது அப்படி ஒன்று: உயர்திணைச் செயப்படுபொருளுக்கு ‘ஐ’ வெளிப்பட வேண்டும் என்பதால் அடிபட்டவர் ஆசிரியர்தான், அடித்தவராக இருக்க முடியாது. இதற்கும் உரையாடி இரண்டு பொருள் சொன்னால், அது முன்பு சொன்ன சரியான விடைகளின் மதிப்பையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

உலக அறிவையும் மொழி அறிவையும் பிரித்துப் பார்க்க இன்னொரு வழி, ‘பூனை தின்ற எலி’, ‘எலி தின்ற பூனை’ என்ற இணை. சொல் வரிசை தலைகீழ், நடந்த நிகழ்ச்சி ஒன்றே. இரண்டிலும் தின்றது பூனைதான் என்று நாமும் சொல்வோம், மாதிரியும் சொல்லும். இலக்கணம் தெரிந்து சொல்கிறதா, பூனையைத் தெரிந்து சொல்கிறதா? பெயர்களை எடுத்துவிட்டுக் கற்பனை விலங்குகளைப் போடுங்கள். ‘மங்கல் தின்ற தொப்பான்’ என்று கொடுத்து, மங்கலும் தொப்பானும் காட்டு விலங்குகள் என்று மட்டும் சொல்லிவிட்டு, தின்றது எது என்று கேளுங்கள். ஒரே கேள்வியைப் புதிய உரையாடல்களில் முப்பது முறை கேட்டு விடைகளை எண்ணுங்கள். முப்பதும் ஒரு பக்கம் சாய்ந்தால் மாதிரிக்கு ஒரு வாசிப்பே தெரிகிறது. இருபதுக்குப் பத்து என்று பிரிந்தால், வெளியே காட்டாத தயக்கத்தை வெளியே இழுத்துவிட்டீர்கள்.

மொழிபெயர்ப்பு மாணவர்களுக்கு இதைவிட நேரான வழி ஒன்று இருக்கிறது. ஒரு மொழி மறைப்பதை இன்னொரு மொழி சொல்லியே ஆக வேண்டியிருக்கும். தமிழில் ‘மருத்துவர் வந்தார், அவர் களைத்திருந்தார்’ என்றால் ஆணா பெண்ணா என்ற பேச்சே இல்லை. ஆங்கிலத்துக்குப் போனால் பெரும்பாலும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். இதே தொல்லை துருக்கியிலிருந்து வரும்போதும் உண்டு. 2018-இல் கூகுள் மொழிபெயர்ப்பி அம்மொழித் தொடர்களுக்கு ஆண், பெண் இரண்டு விடைகளையும் காட்டத் தொடங்கியது அதனால்தான். மறுதிசையில் தமிழ் கறாராகிவிடும். ஆங்கிலத்தின் ‘வீ’ தமிழுக்கு வரும்போது நாமா, நாங்களா? நிறுவனத் தலைவர் ஊழியர் கூட்டத்தில் நாம் இந்த ஆண்டு நல்ல லாபம் ஈட்டினோம் என்றாரா, நாங்கள் ஈட்டினோம் என்றாரா? ஊதிய உயர்வு கேட்கப் போகிறவருக்கு இது சின்ன வேறுபாடன்று. மூலத்தைப் படித்தபோது அங்கே ஒரு மயக்கம் இருந்ததே மாணவர் கண்ணில் பட்டிருக்காது. இயந்திரம் ‘நாங்கள்’ என்று போட்டதைப் பார்த்ததும் ஏன் ‘நாம்’ இல்லை என்று தோன்றும். இயந்திரம் சரியாகத் தேர்ந்ததா என்பதைவிட, அது தேர்ந்த இடங்களையெல்லாம் பட்டியலிட்டால் அதுவே மூலத்தின் மயக்கங்களின் பட்டியல்.

இலக்கியத்தில் கதை வேறு. 1920-களில் கேம்பிரிட்ஜில் ஐ.ஏ.ரிச்சர்ட்ஸ் கவிதைகளை ஆசிரியர் பெயர் இல்லாமல் மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதிய விளக்கங்களைத் திரட்டினார். ஒரே கவிதைக்கு ஒன்றுக்கொன்று முரண்பட்ட வாசிப்புகள் வந்தன. 1929-இல் அவற்றை நூலாக்கினார். அவரிடம் படித்த வில்லியம் எம்ப்சன், கவிதையில் மயக்கம் பிழையன்று, அது செயல்படும் விதங்கள் ஏழு என்று வகைப்படுத்தி 1930-இல் நூல் வெளியிட்டபோது வயது 24. முப்பது முறை கேட்டு வாங்கிய இயந்திர விடைகளை ரிச்சர்ட்ஸின் மாணவர்களோடு ஒப்பிடத் தோன்றும். ஒப்பிடலாம், ஆனால் அங்கே இருந்தவர்கள் தனித்தனி ஆட்கள். இங்கே ஒரே பயிற்சியின் ஒரே நினைவு முப்பது முறை பகடை உருட்டுகிறது.

திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பதின்மர் என்பது மரபு. மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதியார், காலிங்கர், பரிமேலழகர் என ஐவர் உரைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஒருவர் பிரிக்கும் இடத்தில் மற்றவர் சேர்க்கிறார். பாடமே வேறுபடும் இடங்களும் உண்டு. உரையாடியிடம் ஒரு குறளின் பொருள் கேட்டால் பெரும்பாலும் வருவது, பள்ளிப் பாடநூல் வழியாகப் பரவிய ஒரு பொதுப் பொருள். ஐவர் சண்டை அதில் அடங்கிப்போயிருக்கும். தமிழ் மாணவர் கேட்க வேண்டியது பொருளை அன்று. மணக்குடவர் உரையையும் பரிமேலழகர் உரையையும் தாமே தட்டச்சு செய்து கொடுத்து, இருவரும் எந்தச் சொல்லில் பிரிகிறார்கள், அந்தப் பிரிவு இலக்கணத்திலா கொள்கையிலா என்று கேட்கலாம். இதில் இயந்திரம் நன்றாகவே உழைக்கும். காளமேகத்தின் பாம்பும் எள்ளும் சிலேடையைக் கொடுத்து அதன் திறமையைச் சோதிக்க நினைப்பது வீண். அதன் விளக்கம் வலையெங்கும் கிடக்கிறது, மனப்பாடமாக ஒப்பிக்கும். சொந்தமாக ஒரு சிலேடை எழுதிக் கொடுத்துப் பார்ப்பவருக்குத்தான் இயந்திரத்தின் எல்லை தெரியும். சிலேடை எழுதவும் கை பழகும்.

சட்டத்தில் மயக்கம் காசாகிவிடும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கூடுதல் நேர ஊதியம் தரத் தேவையில்லாத வேலைகளைச் சட்டம் அடுக்குகிறது. பட்டியலின் கடைசியில், அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ பொதிவது ஒரு வேலையா, அல்லது பொதிவதும் விநியோகிப்பதும் இரண்டு வேலைகளா என்று தெளிவில்லாமல் இருந்தது. அன்று இடையில் ஒரு காற்புள்ளி இல்லை. கூடுதல் ஊதியம் கேட்டு வழக்குத் தொடுத்த பால் வண்டி ஓட்டுநர்கள் விநியோகித்தார்கள், பொதியவில்லை. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் மயக்கமானது என்று ஏற்று ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசமானது. இப்படிப்பட்ட ஆவணங்களில் உரையாடியை எதிர்க்கட்சி வழக்குரைஞராக நடிக்கச் சொல்வது பயன் தரும். இந்த விதியை உனக்குச் சாதகமாக எப்படி வாசிப்பாய் என்று கேட்டால், ‘மயக்கம் உண்டா’ என்று கேட்டபோது காட்டாத வாசிப்புகளை அது காட்டுவதுண்டு. அவற்றில் நீதிமன்றத்தில் நிற்கக்கூடியவை எவை என்று சொல்ல ஆள் வேண்டும்.

தமிழில் இந்த வேலைக்கு அடிப்படைத் தரவே குறைவு. எந்தச் சொல் எதைத் தழுவுகிறது என்று தொடர்தோறும் குறித்த பன்னாட்டுத் தொகுப்பில், பிராகின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவான தமிழ்ப் பகுதி 600 தொடர்கள் கொண்டது. ஆங்கிலத்தின் ஒரு தொகுப்பில் மட்டும் 16 ஆயிரத்துக்கு மேல். எண்ணிக்கையைவிட வழக்கம் ஒன்று இடறுகிறது: இத்தகைய தொகுப்புகளில் ஒரு தொடருக்கு ஒரே பகுப்புதான். இரண்டு பேர் இரண்டு விதமாகக் குறித்தால் ஒருவர் தவறு என்று திருத்திவிடுவார்கள். அங்கேயே மயக்கம் துடைக்கப்பட்டுவிடுகிறது. அதைப் படிக்கும் இயந்திரம் பிறகு எங்கே கற்கும்? 2020-இல் வெளியான கேயாஸ்என்எல்ஐ என்ற ஆங்கிலத் தொகுப்பு மறுவழியில் போனது. ஒவ்வோர் எடுத்துக்காட்டையும் 100 பேரிடம் கொடுத்து, எத்தனை பேர் என்ன சொன்னார்கள் என்ற பிளவை அப்படியே பதிந்து வைத்தது. கணிசமான இடங்களில் நூறு பேரும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

தமிழ்த்துறை வகுப்பொன்றில் இதைத் தொடங்கப் பெரிய நிதி வேண்டாம். ‘எல்லோரும் வரவில்லை’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளலாம். ஒருவரும் வரவில்லையா, சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லையா? தாளில் படித்தபோது எத்தனை பேர் எப்படிப் புரிந்துகொண்டார்கள், ஒருவர் ‘எல்லோரும்’ என்பதை அழுத்திச் சொல்லக் கேட்டபோது எத்தனை பேர் மாறினார்கள், கொங்குப் பக்கத்து மாணவருக்கும் நெல்லைப் பக்கத்து மாணவருக்கும் வேறுபாடு உண்டா என்று குறிக்கலாம். அடுத்த நிரையில் அதே தொடருக்கு மாதிரி முப்பது முறை தந்த விடைகளின் பிரிவு. தொடர் ஒவ்வொன்றுக்கும் இந்த இரண்டு நிரைகளும் இருந்தால் போதும். ‘சரியான விடை’ என்று மூன்றாவது நிரை ஒன்று சேர்க்க யாருக்காவது கை துறுதுறுக்கும். அதை மட்டும் சேர்க்காமல் கோப்பைச் சேமிக்க வேண்டும்.